ஊசிக்குப் பூசிய எண்ணெய்

கவ்வாத்துக் கத்தி பிடித்த கையில் எந்த ஆயுதத்தைக் கொடுத்தாலும் அது சுத்தமாகத்தான் இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். இலங்கைத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய காலம் முழுவதும் என் கத்தியில் ஒரு பொட்டுத் துருவைக் கண்டவர் இல்லை. சாயந்தரம் வேலை விட்டதும் கத்தியைக் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசி வைத்த பிறகுதான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

கப்பலேறி நீலகிரிக்கு வந்தபோது, எனக்கு முன்னால் வந்தவர்களே வேலைக்காக எஸ்டேட் வாசல்களில் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவட்டம் பக்கம் ஒரு தோட்டத்தில் மனைவிக்குக் கொழுந்து பறிக்கும் வேலையும், தொழிலாளர் லயத்தில் ஓர் அறையும் கிடைத்தன. எனக்கு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. பிறகுதான் அணைக்கட்டில் மழைக்காலத்துக்கு மட்டும் ஓர் ஆள் வேண்டும், வழுக்காமல் நிற்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன். செங்குத்து மலையில் நின்றே வளர்ந்தவன் நான். போன அன்றே எடுத்துக்கொண்டார்கள்.

அணை நிரம்பி மிஞ்சும் தண்ணீர் நீளமான சிமென்ட் சரிவில் பாயும். பாயும் வேகத்தில் காற்றை இழுத்துக்கொண்டு நுரையாகும். அந்தக் காற்று அடித்தரை வரை கலந்தால் தண்ணீரின் வேகம் சிமென்ட்டை ஒன்றும் செய்யாது; கலக்காவிட்டால் கொத்திக் கொத்திப் பள்ளமாக்கிவிடும். காற்று போதுமா என்று அளக்க ஒரு கோயம்புத்தூர் இஞ்சினியர் வந்திருந்தார். இரும்புக் கம்பியின் நுனியில் ஓர் ஊசி. ஊசிமுனை தண்ணீரில் இருந்தால் மின்சாரம் ஓடும். குமிழி வந்து முட்டினால் அறுந்துபோகும். எவ்வளவு நேரம் அறுந்திருந்தது என்பதைக் கரையில் கொட்டகைக்குள் இருந்த பெட்டி காட்டும். சரிவின்மேல் போட்ட பலகையில் நின்று, ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தரை வரை இறக்குவது என் வேலை.

தோட்டத்து மேலாளரை அழைத்த பழக்கதோஷத்தில் அவரைத் தொரை என்று கூப்பிட்டேன். “ஏனுங்க, தொரையெல்லாம் வேண்டாமுங்க, சாருன்னா போதும்” என்று கூசினார். நல்ல மனிதர். மழைக்காலம் முடிந்ததும் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் தலைநிமிர்வது அந்த ஒரு கடிதத்தில்தான் இருந்தது.

அந்த நன்றியில் ஊசியையும் என் கத்தியைப் போலவே கவனித்தேன். தினமும் சாயந்தரம் துடைத்து எண்ணெய் பூசினேன். மலைக்குளிரில் எண்ணெய் உறைந்துவிடும் என்று ஒரு சின்னக் குப்பியை இடுப்பிலேயே சொருகிக்கொள்வேன். “தலைக்கு வைக்க எண்ணெயக் காணோம், ஊசிக்கு என்ன கேடு?” என்பாள் மனைவி.

மூன்று வாரம் அளந்தோம். காலையில் காற்று நிறையக் காட்டும், மத்தியானத்துக்குள் குறைந்துவிடும். குளிர்ந்த தண்ணீர் காற்றை அதிகம் பிடித்துக்கொள்கிறது என்று இஞ்சினியர் ஒரு காரணம் கண்டுபிடித்தார். அறிக்கையில் அதற்கு மட்டும் இரண்டு பக்கம். அடித்தரை பத்திரம், மேற்கொண்டு வேலை தேவையில்லை என்று டைப் அடித்து முடித்தாயிற்று.

அறிக்கையை அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின சாயந்தரம் மழை கொட்டியதால், ஊசியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். மறுநாள் காலை பெட்டி காற்றே இல்லை என்றது. இஞ்சினியர் வயர்களைப் பிடுங்கி மாட்டினார். “பேட்டரி போயிருச்சாட்ட இருக்குதுங்க. இன்னைக்கு அளவ விட்டுருவோம், பழசே போதும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

முந்தின சாயந்தரம் மட்டும்தான் ஊசிக்கு எண்ணெய் பூசவில்லை என்பது எனக்கு நினைவு வந்தது. ஒரு வாளியில் அசையாத தண்ணீர் பிடித்து ஊசியை விட்டேன். பெட்டி தண்ணீர் என்றது. ஊசிமுனையில் எண்ணெய் தடவி மறுபடி விட்டேன். குமிழி ஒன்றுகூட இல்லாத வாளியில் முழுக்கக் காற்று என்றது. எண்ணெய்தான் மின்சாரத்தை மறித்திருக்கிறது; மத்தியானத்துக்குள் அது கழுவிப் போனதைத்தான் குளிர் என்று எழுதியிருந்தார். நான் சந்தேகப்பட்டால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அன்றைக்கு மட்டும் தப்பாகப் போயிருக்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

வாய் திறக்காமல் இருந்திருந்தால் பழி பேட்டரியோடு போயிருக்கும். அவர் திரும்பி வந்ததும் வாளியில் இரண்டு விதமாகவும் செய்து காட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

“மூணு வாரமுங்க! இனி உங்க வேலைக்கு நான் எந்த மொகத்த வெச்சுட்டு எழுதறது? பேசாம இருந்திருந்தா யாருக்குங்க தெரியப்போவுது?”

பயம்தான். ஆனாலும் சொன்னேன்: “சார், அங்க தோட்டத்துல நாங்க இலங்கைப் பிரஜாவுரிமைதான் கேட்டோம். விண்ணப்பப் பாரம் நிரப்புன கணக்கப்புள்ள இந்தியான்னு எழுதிட்டாரு. மறுநாளே போய்ச் சொன்னோம். எழுதினது எழுதினதுதான்னுட்டாங்க. அந்தத் தாளாலதான் நான் இங்க நிக்கிறேன். இந்தத் தாள் இன்னும் உங்க கையிலதான சார் இருக்கு?”

அவர் அறிக்கையை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கோடு போட்டு அடித்தார். குளிரைப் பற்றிய இரண்டு பக்கங்களில் மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது. புதுத் தாள் ஒன்றை எடுத்தார். என் பெயரையும் அப்பா பெயரையும் எழுத்தெழுத்தாகக் கேட்டார். ஊசியின் பிழையைக் கண்டுபிடித்தவர் இவர், இவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளை என் பக்கம் திருப்பினார்.

“படிச்சுப் பாருங்க. தப்பிருந்தா இப்பவே சொல்லீருங்க.”

நின்றபடியே இரண்டு தடவை படித்தேன்.