எட்டுப் பேர் வந்த வேன்

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டி வகுப்பறையில் இருக்க வேண்டியவர்கள் ஆறு பேர்: டீ போடும் பெரியவர், கொலுசுப் பட்டறைக்காரர், ஆத்தூர்ப் பக்கத்து லாரி டிரைவர், போன வருசம் கல்யாணமான ஒருவர், ஒரு வாத்தியார், நான். இருந்தவர்கள் பதினாலு பேர். மிச்ச எட்டும் என்னால் வந்தது. என் மனைவி, மச்சினன், மாமனார், பெரியப்பா, அக்கா, பங்காளிகள் இரண்டு பேர், வேன் டிரைவர்.

குடியை விட நினைக்கிறவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசும் இடம் அது. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் போனில் படம் பிடித்து, மூன்று வாரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். நான் எதற்கும் பயப்படுகிறவன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு வேலைக்குப் போனவன். போர் போடும் இடத்தில் பைப் கழன்று விழுமோ என்று பயம், ஊருக்கு வந்தால் யார் என்ன பேசுவார்களோ என்று பயம். அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் குடித்தேன்.

“நாமக்கல்லயே கூட்டம் நடக்குதுங்க. உங்களுக்குப் பக்கம்” என்றார் போனில் பேசிய பெரியவர்.

“பக்கம் வேண்டாங்க. தூரமாச் சொல்லுங்க.”

சிரித்தார். “எல்லாரும் அப்பிடித்தான் சாமி. நாமக்கல்காரங்க சேலத்துக்கு வாராங்க, சேலத்துக்காரங்க நாமக்கல்லுக்குப் போறாங்க.”

மோகனூரிலிருந்து பஸ் மாறி மாறிப் போனேன். முதல் வாரம் வாயே திறக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த வாத்தியார் மெதுவாகச் சொன்னார்: “பேசோணும்னு இல்லீங்க. நானும் மூணு வாரம் சும்மாதான் உக்காந்திருந்தேன்.” அந்த ஒரு பேச்சுக்காகவே அடுத்த வாரமும் போனேன். அவரும் எங்கள் பக்கத்துக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னைப் போலவே தூரம் தேடி வந்தவர்.

ஞாயிறானால் எங்கே போகிறேன் என்று மனைவிக்குச் சந்தேகம். நாலாவது வாரம் தாங்க முடியாமல் சொன்னேன். அழுதாள். அடுத்த நாள் தன் தம்பியிடம் சொல்லிவிட்டாள். எங்கள் வகையறாவில் எந்தக் காரியத்துக்கும் ஆள் கட்டு வேண்டும். பெண் பார்க்க வேண்டுமா, பாகம் பிரிக்க வேண்டுமா, வேன் பிடித்துவிடுவார்கள். இதற்கும் பிடித்துவிட்டார்கள்.

அந்த ஞாயிறு நான் பேச எழுந்து நின்றேன். கதவு திறந்தது. முன்னால் பெரியப்பா, பின்னால் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டோடு அக்கா.

“இங்க பெரிய மனுசன் ஆருங்க?” என்றார் பெரியப்பா.

“ஆரும் இல்லீங்க. டீ போடறது நானு” என்றார் பெரியவர்.

“அப்பறம் சத்தியம் ஆரு வாங்கறது? கற்பூரம் கொண்டாந்திருக்கறோம்.”

“இங்க சத்தியம் கெடையாதுங்க. இன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இருந்தாப் போதும்.”

“ஒரு நாளா? அப்ப நாளைக்குக் குடிப்பானா? ஏன்டா, இதைக் கேக்கறதுக்கா இத்தனை தூரம் பஸ் ஏறி வாரே?”

பெரியப்பாவின் வாயில் சரக்கு வாடை அடித்தது. “நாங்க இருக்கறம் மச்சான்” என்று என் மச்சினன் தோளைத் தட்டினான். கெடாவெட்டில் என் கையில் கிளாஸைத் திணித்து, “ஒண்ணும் ஆகாது மச்சான், அடிங்க” என்றவன். பஸ் ஸ்டாண்டில் வேட்டி அவிழ்ந்து நான் கிடந்தபோது இந்த எட்டில் ஒருத்தரும் வேன் பிடிக்கவில்லை.

அதுவரைக்கும்கூடப் பொறுத்திருப்பேன். மாமனார் சுற்றிலும் பார்த்தார். கண் ஒரு முகத்தில் நின்றது.

“அட, நம்ம வாத்தியாருங்களா! எங்க மகன் பையன் உங்ககிட்டத்தானுங்க படிக்கறான். ஏனுங்க சார், நீங்களுமா?”

வாத்தியார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது. பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

“எல்லாரும் வெளிய போங்க!” என்று கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே திகைப்பு. மாமனாரிடம், “இதை எங்கயும் சொல்லிப்போடாதீங்க” என்று கைகூப்பினேன். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசல் டீக்கடையிலேயே சொல்லிவிட்டார்.

வீட்டில் மனைவி, “நாலு பேரு கூட இருந்தா உங்களுக்குப் பலமுன்னு நெனச்சனுங்க” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அதனால் அவளைத் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. சொன்னவன் நான்தானே.

அடுத்த ஞாயிறு வாத்தியார் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறார் என்றார்கள். பலமுறை கூப்பிட்ட பிறகு ஒருமுறை போனை எடுத்தார். “குடிக்கலீங்க. ஆனா அங்க வரமாட்டேன்” என்றார். போதையில் வார்த்தை இழுத்ததா, என் காதுக்குத்தான் அப்படிக் கேட்டதா? அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் குடிக்காமல் இருக்கிறேன். பயத்தால் அல்ல, ஆத்திரத்தால். ஆத்திரம் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் என் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை.

மச்சினன் மட்டும் விடாமல் போன் செய்கிறான். “உங்களுக்காகத்தானே வந்தம் மச்சான். வேன் வாடகையை நீங்கதானே குடுக்கோணும்?”

“அந்த வாத்தியார் வந்து அவரு நாற்காலில உக்காரட்டும். அன்னைக்கே தாரேன்.”

வாடகை, டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து நான் தர வேண்டிய பாக்கி நாலாயிரத்து ஐநூறு ரூபாய்.