ஏழு ஒன்றுகள்

யுத்தத்துக்கு முந்தைய வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. புகுந்த வீட்டில் மாதத்துக்கு மூன்று நாள்தான் எனக்கு வாழ்வு. தீட்டு என்று கொல்லைப்புறத்து அறையில் ஒதுக்கிவைத்து, உரிக்கச் சொல்லிக் கூடை கூடையாகக் கடலையைத் தள்ளிவிடுவார்கள். அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். உரித்த நேரம் போக, கரித்துண்டால் சுவரில் வகுத்துக்கொண்டிருப்பேன்.

ஆலங்குடியில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டு, என்னிடம் கணக்குக் கேட்டு எழுதிய அண்ணனைப் புதுக்கோட்டைக்குக் காலேஜுக்கு அனுப்பினார்கள். நல்ல நியாயம்! மறுவீட்டன்று அவன் கேலியாகப் பந்தயம் கட்டினான்.

“ஏழு ஒண்ணை வரிசையா எழுது. அது பகா எண்ணு. எதாலயும் வகுபடாது. நீ வகுத்துக் காட்டிட்டீன்னா எங் கணக்குப் புத்தகம் பூராம் ஒனக்குத்தான். தீவாளி வரைக்கும் பாரு.”

பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. அந்தப் புத்தகங்களுக்காக நான் எதையும் செய்திருப்பேன். மூன்றால் போகவில்லை. ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. பதினொன்றாலும் ஒன்று. ஆயிரத்து ஐம்பத்துநான்கு வரை பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும், அதற்கு மேல் தேவையில்லை என்று நானாகவே கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றையும் திரும்பப் பெருக்கிச் சரிபார்த்தேன். மூன்று மாதத்தில் இருநூற்று முப்பத்துமூன்று வரை வந்தேன். மீதி நூற்று அறுபத்தேழு.

நான்காம் மாதம் தீட்டு வரவில்லை. வயிற்றில் பிள்ளை. தீபாவளிக்கு எட்டு நாள்தான் இருந்தது. வாயைத் திறக்காமல் வழக்கம்போல் போய் அந்த அறையில் உட்கார்ந்தேன். கரியை எடுப்பதற்குள் குமட்டியது. வாந்திச் சத்தம் மாமியாரை இழுத்து வந்துவிட்டது.

“அடிப் பாவி! வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு தீட்டுன்னு பொய் சொல்லுவாளா ஒருத்தி? எங் கொலத்துக்கே ஆகாதுடி!”

அன்றே சுவரைச் சாணியால் மெழுகினார்கள். தீபாவளிக்கு வந்த அண்ணனிடமும் சொல்லிச் சிரித்தார்கள். அவமானத்தில் கூனிப்போய், “பகா எண்ணுதாண்ணே,” என்று நானே ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அந்த எண்ணைத் தொட மனசு வரவில்லை.

இரண்டாவது பிள்ளை பால்குடி மறந்தபின் மறுபடி அந்த அறைக்குப் போனேன். விட்ட இடத்திலிருந்து பார்ப்போமே என்று அடுத்த பகா எண்ணைப் போட்டேன். இருநூற்று முப்பத்தொன்பது. ஈவு நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. மீதி இல்லை. நான்கு முறை பெருக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு எண், அடுத்த எண்! தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த முறை அண்ணன் வந்தபோது, இலை போட்டுக்கொண்டே சொன்னேன்.

“எந்த எண்ணு?” என்றான்.

ஞாபகப்படுத்தினேன். புத்தகத்தைக் கேட்டேன்.

“அடப் போத்தா, அதெல்லாம் கடலை மடிக்கக் கடையில போட்டு எத்தனையோ வருசமாச்சு. கொஞ்சம் ரசம் ஊத்து.”

ஊற்றினேன்.