என் தம்பி பெண்டாட்டி பின்னிய நாற்காலி

“உங்க தம்பியைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு அண்ணி. நான் நாற்காலி செய்வேன், இல்ல கப்பல் செய்வேன். நீங்க வாயை மூடிக்கிட்டு இருங்க.”

என் தம்பி பெண்டாட்டி அப்படிச் சீறினாள். நான் மூடவில்லை. “மாவுக்கட்டு போட்டுப் பழகின கைக்கு நாற்காலி எங்கேடி வரும்?” என்றேன். அவள் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போட்டே காலம் தள்ளியவள். என் வீட்டுக்காரர் போனபின் நான் அவர்களோடுதான் இருக்கிறேன். அதனால் சண்டைக்குக் குறைவில்லை.

தம்பிக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பஸ் ஓட்டினவன், கக்கூஸுக்குப் போகக்கூட எங்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. சோபா அவனை விழுங்கியது. மர நாற்காலியின் கைப்பிடி அவனுக்குத் தாழ்வு. கூப்பிட வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டான். அதைப் பார்த்துத்தான் அவள் பிரம்பு வாங்கி வந்தாள். அவன் உயரத்துக்குக் கைப்பிடி வைத்து, தானாக எழுந்திரிக்கிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்பது அவள் கணக்கு.

முதலில் தடித்த தண்டை ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப் போட்டாள். காலையில் வளைத்தால் படீரென்று பிளந்தது. நான் சிரித்தேன். பிரம்புக்கடைக்காரரும் சிரித்தாராம். “தண்ணி பின்னுற பட்டைக்குத்தாம்மா. தண்டுக்கு நெருப்பு காட்டணும்,” என்றாராம். அப்புறம் அடுப்பில் வாட்டி, ஜன்னல் கம்பியில் மாட்டி வளைத்தாள். ஆறும்வரை பழைய கட்டுத்துணியால் இறுக்கிக் கட்டி வைத்தாள். கைப்பிடி அழகாக வந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

பட்டையை ஊறவைத்து உட்காரும் இடத்தைப் பின்னினாள். தம்பி உட்கார்ந்தான். பின்பக்கம் அப்படியே உள்ளே இறங்கியது.

“ஏண்டி, நாற்காலியா, தொட்டிலா?” என்றான். “இனி தாலாட்டும் பாடிடு.”

நாங்கள் இரண்டு பேரும் இழுத்து அவனை வெளியே எடுத்தோம். அவள் பின்னலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் தாராளமாக நுழைந்தது.

“என் கைப்பழக்கம் அண்ணி,” என்றாள். “கட்டுப் போட்டா ஒரு விரல் போற இடம் விடணும், கால் வீங்கும்ல. இதுக்கும் விட்டிருக்கேன்.”

“பிரம்பு எங்கே வீங்குது? உன் மூஞ்சிதான் வீங்கியிருக்கு.”

மொத்தத்தையும் அறுத்துப் போட்டாள். மறுபடி பட்டை ஊறியது. இந்தத் தடவை நாற்காலிச் சட்டத்தில் நான் காலை ஊன்றிக்கொண்டு ஒரு முனையை இழுத்தேன், அவள் மறுமுனையை. என்னை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே பின்னினாள். காய்ந்ததும் தட்டினால் தம்பட்டம் மாதிரி ஒலித்தது.

தம்பி உட்கார்ந்தான். இடது கையைக் கைப்பிடியில் ஊன்றினான். நாங்கள் இருவரும் கையை நீட்டினோம்.

“தொட்டீங்கன்னா பாருங்க,” என்றான். முதல் முறை பின்னால் சாய்ந்துவிட்டான், மறுமுறை எழுந்துவிட்டான். தடியைப் பிடித்து மெல்ல நடந்து, கக்கூஸ் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அவன் நோயில் விழுந்தபின் அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவன் வெளியே வரும்வரைகூட அவள் நிற்கவில்லை. கட்டில் பக்கத்திலும் அதே மாதிரி ஒன்று போட வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். இந்த முறை நல்ல முற்றின பிரம்பாகப் பொறுக்கி வாங்கினாள். வண்டிக்கூலியோடு சேர்த்து, அவளுடைய அந்த மாதப் பென்ஷனில் சரிபாதி போயிற்று.