மில் சங்குக்குப் போட்ட டைம்டேபிள்

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெண் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏட்டி, இப்பவும் சங்கு ஊதுனாத்தான் எந்திரிப்பியா?”

ஜெஸி. பத்தாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சு.

தொண்ணூறுகளில் எங்கள் இரண்டு வீட்டிலும் அலாரம் கிடையாது. அதனால் பரீட்சைக்குப் படிக்கும் டைம்டேபிளை, மில்லில் ஷிப்டுக்கு ஊதும் சங்கை வைத்துப் போட்டோம். விடியற்காலைச் சங்குக்கு எழுந்து வரலாறு, அடுத்த சங்குக்குக் கணக்கு.

வரலாற்றுப் பரீட்சைக்கு முந்தின நாள் சித்திரை ஒன்று. மில்லுக்கு லீவு என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. அசோகரையும் அக்பரையும் அப்படியே விட்டுவிட்டு, வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினோம்.

“ஆனா அதுலதான நமக்கு மார்க்கு கூட” என்று ஜெஸி சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

பிறகு அவளே அலுத்துக்கொண்டாள். “எம் மக போன்ல அம்புட்டு அலாரம் வச்சிருக்கா. ஒவ்வொண்ணா அவளே அமத்திட்டுத் தூங்குதா. மில்லு சங்க அப்படி அமத்த முடியுமாட்டி?”

படுத்தபடி கையை நீட்டி அணைக்க முடியாத அலாரம் உங்கள் வீட்டில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஜெஸி மகளுக்குத் திங்கட்கிழமை பரீட்சை.