மாதா விளக்குக்குக் கீழே இருந்த கட்டர்

மாதா திருநாளுக்கு ஏன் மாமா வீட்டுக்குப் போவதில்லை என்று சின்னவள் இந்த முறையும் கேட்டாள். உங்கள் அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். நான் "பிறகு சொல்றன்" என்றேன். வாயால் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். பிறகு நடந்ததை விட்டுவிட்டு என் கோபத்தைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்திருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். பிழை இருந்தால் பெரியவன் திருத்தி வாசிக்கட்டும்.

இங்கே வெள்ளவத்தைக்கு வருமுன், கொழும்பின் அடுத்த பக்கம் கொட்டாஞ்சேனையில், மாமாவின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் குடியிருந்தோம். பெரியவனுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். கீழே ஸ்டிக்கர் கடை, மேலே அம்மாவின் அண்ணனான உங்கள் மாமாவின் வீடு. அம்மா மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர் வீட்டுப் பிள்ளை, நான் சைவ சமயம். எங்கள் கல்யாணத்துக்கு மாமா வந்தார், மாமி வரவில்லை. என்றாலும் எனக்கு அந்தக் கடையில் வேலை தந்தார்கள், இருக்க இடமும் தந்தார்கள். வேலை போனால் அறையும் போகும் என்பதை யாரும் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

அங்கே என் வேலை கட்டர் மெஷினில். ஸ்டிக்கர் எப்படி வருகிறது என்று சொல்கிறேன், அது விளங்கினால்தான் மிச்சம் விளங்கும். முதலில் வைனல் தாளில் படத்தை அச்சடிப்போம். படத்தோடு சேர்த்து நான்கு மூலையிலும் கறுப்பு அடையாளங்கள் விழும். மை நன்றாகக் காய்ந்த பிறகு, மழையும் வெயிலும் தாங்குவதற்காக மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிலிம் ஒட்டுவோம். அதுதான் லேமினேட். பிறகு தாள் கட்டருக்குப் போகும். கட்டரில் ஒரு சின்னக் கண் இருக்கிறது. அது அந்தக் கறுப்பு அடையாளங்களைத் தேடிப் பார்த்து, படம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் பிளேட் என்று நாங்கள் சொல்லும் கத்தி இறங்கி, படத்தைச் சுற்றி ஒரே அளவு வெள்ளைக் கரை விட்டு வெட்டிக்கொண்டு போகும். கண் பிழையாகப் பார்த்தால் கத்தி பிழையான இடத்தில் ஒழுங்காக வெட்டும்.

அந்த வருடம் திருநாளுக்கு, சந்தியில் நிற்கும் த்ரீவீல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மாதா படம் போட்ட ஸ்டிக்கர் கேட்டிருந்தார்கள். தங்கள் வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டுவதற்கு. முதல் தாளை வெட்டி எடுத்தபோது ஒரு பக்கம் வெள்ளைக் கரை அகலமாக இருந்தது, மறுபக்கம் கத்தி மாதாவின் கிரீடத்துக்குள்ளேயே போயிருந்தது. மாதிரி பார்க்க வந்த த்ரீவீல்காரர் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, பாதிக் கிரீடத்த அடகு வச்சிட்டீங்களா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"மச்சான், பிளேட்ட மாத்தினியா?"

"மாத்தினனான். பிளேட் மொட்டையா இருந்தா ஓரம் கிழியும், வெட்டு விலகாது."

"அப்ப என்னதான் பிரச்சினை?"

"பார்க்கிறன் மச்சான்."

நான் பார்க்கத்தான் செய்தேன். தாளைப் பிடித்து இழுக்கும் ரப்பர் உருளைகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கண் இருக்கும் இடத்தைப் பஞ்சால் ஒற்றினேன். லேமினேட் போடாத தாளைக் கொடுத்தால் வெட்டு சரியாக விழுந்தது. பளபளப்பில்லாத மாட் பிலிம் போட்ட தாளும் சரி. பளபளக்கும் பிலிம் போட்டால் மட்டும் வெட்டு ஒரு பக்கமாக ஒதுங்கியது. பளபளப்பு அந்தக் கண்ணைக் கூச வைக்கிறது என்று விளங்கியது. ஆனால் அதே பிலிமை அதே மெஷினில் அவ்வளவு காலமும் வெட்டிக்கொண்டுதானே இருந்தேன்? மாட் போடலாம் என்றால் த்ரீவீல்காரர்கள் விடவில்லை. "மாதா பளிச்சென்று இருக்க வேணும் அண்ணே, செத்த வீட்டுப் படம் மாதிரி இருக்கக்கூடாது" என்றார்கள்.

அன்றைக்கு முற்பகல் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் மெஷின்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் லைன் இருந்தது. மற்றதெல்லாம் அணைந்துவிட்டது. மாமி மேலேயிருந்து இறங்கி வந்து, சுவரில் மாதா சொரூபம் இருந்த கூட்டுக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போனார். நான் தாளைக் கொடுத்தேன். வெட்டு தலைமயிர் அளவும் பிசகாமல் விழுந்தது. கரண்ட் வந்தது, திரும்பவும் கிரீடம் வெட்டுப்பட்டது.

டியூப் லைட்டை அணைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. அப்போதுதான் தலையை நிமிர்த்தினேன்.

மாதா கூடு கட்டருக்கு நேர் மேலே இருந்தது. அதில் முன்பு ஒரு சின்னச் சிவப்புப் பல்ப் எரியும். மாமாவின் மகன் இத்தாலி போக விசாவுக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தான். அவன் போய்ச் சேரும்வரை விளக்கு அணையக்கூடாது என்று மாமி நேர்த்தி வைத்து, சில நாட்களுக்கு முன்னால்தான் கடும் வெள்ளை எல்.ஈ.டி. பல்ப் ஒன்றை மாட்டச் சொல்லியிருந்தார். அந்த வெளிச்சம் பளபளக்கும் பிலிமில் பட்டுத் தெறித்துக் கட்டரின் கண்ணுக்குள் போனது. இந்த ஒழுங்கு கொட்டாஞ்சேனையில் பாதிக் கடைகளில் இருக்கும். மெஷின் வாங்கினால் மாதாவுக்குக் கீழே வைப்பார்கள், மாதாவின் பார்வை அதில் பட வேண்டும் என்று.

விளக்கைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். நான் தொடவில்லை. பிலிம் ரோல் வந்த பெட்டியைக் கிழித்து, அந்த அட்டையைக் கண்ணுக்கு மேலே நிழல் விழும்படி இரண்டு கையாலும் பிடித்தேன். வெட்டு சரியாக விழுந்தது. இன்னொரு தாளையும் போட்டுப் பிடித்தேன். அதுவும் சரி. எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மாமி இறங்கி வந்தார்.

"தம்பி, என்ன செய்றீங்க?"

"வெளிச்சம் படாம மறைக்கிறன் அக்கா. அதாலதான் வெட்டு விலகுது."

"எந்த வெளிச்சம்?"

இரண்டு கையும் அட்டையில் இருந்ததால் தாடையை உயர்த்தி மேலே காட்டினேன். மாமி மேலே பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படியேறிப் போனார். மேலே போய் மாமாவிடம் பேசினார். பின் அறையில் இருந்த அம்மாவுக்கே கேட்டது.

"மாதாவத் தாடையால காட்டுறார் உங்கட மச்சான். வெளிச்சம் கரைச்சலாம். அட்டையால மறைக்கிறார். சைவக்காரருக்கு எங்கட மாதா வெளிச்சம் கண்ணக் குத்துது போல."

பின்னேரம் மாமா கீழே வந்தார். சரியாக வெட்டிய தாள்களை நான் எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"மச்சான், நீ கண்டுபிடிச்சது சரி. ஆனா அத நீ செஞ்சிருக்கக் கூடாது."

"வேற யார் செய்றது?"

"தங்கச்சி பின்னாலதானே இருந்தா. அவளக் கூப்பிட்டு அட்டையப் பிடிக்கச் சொல்லியிருக்கலாமே. அவ வேதம்தானே."

அட்டைக்கும் சமயம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இருந்த தாள்கள் எல்லாவற்றையும் வெட்டி முடித்தோம். அம்மா அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் மெஷினைப் பார்த்துக்கொண்டேன். த்ரீவீல்காரர்கள் ஸ்டிக்கரை வாங்கி ஒட்டி, திருநாள் ஊர்வலத்தில் வரிசையாகப் போனார்கள். கடைவாசலில் நின்று பார்த்தோம். பெரியவன் கை தட்டினான்.

திருநாள் முடிந்த கிழமை மாமாவின் மகனுக்கு விசா இல்லை என்று வந்தது. மேலே மாமி அழுகிற சத்தம் கேட்டது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கரண்ட் போன நேரமெல்லாம் விளக்கு அணைந்துதானே இருந்தது என்று நானும் கேட்டிருப்பேன். மேலேயிருந்து எங்களுக்குச் சாப்பாடு அனுப்புவது நின்றது. படியில் என்னைக் கண்டால் மாமி சுவரைப் பார்த்தார். ஒரு நாள் மாமா கட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், பழைய பிளேட்டுகள் போட்டு வைக்கும் கோப்பையை விரலால் கிளறினார்.

"உனக்கு வெள்ளவத்தைப் பக்கம் தெரிஞ்ச ஆக்கள் இருக்காங்கதானே, மச்சான்?"

"ஓம்" என்றேன். ஒருவரும் இருக்கவில்லை.

அப்படித்தான் இங்கே வந்தோம். இந்தப் போட்டோகொப்பிக் கடையில் அடையாள அட்டைகளுக்கு லேமினேட் போட்டு, மூலையைக் கத்தரிக்கோலால் வளைத்து வெட்டிக் கொடுக்கிறேன். கட்டர் மெஷினைத் தொட்டு நெடுநாளாகிறது. அம்மா தன் அண்ணன் வீட்டை விட்டு வந்தது என்னால்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதும் எனக்குக் கேட்கத்தான் செய்கிறது.

போன மாதம் அந்த த்ரீவீல்காரர், கிரீடத்தை அடகு வைத்தீர்களா என்று கேட்டவர், இந்தப் பக்கம் ஆள் இறக்க வந்து என்னைக் கண்டுகொண்டார். பழைய கதை கதைத்தோம்.

"கட்டர் இப்ப எப்படி வெட்டுது?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நல்லா வெட்டுது அண்ணே. மெஷினுக்கு மேல கறுப்புத் துணியில ஒரு கூடாரம் போட்டிருக்காங்க. உங்கட மச்சான்ட மனுசிதான் தச்சவ."

"விளக்கு?"

"விளக்கு எரியுது. அது என்னத்துக்கு அணையும்? பொடியன் இப்ப திரும்பவும் விசாவுக்குக் குடுத்திருக்கான்."

விளக்கை மறைத்தால்தான் குற்றம், மெஷினை மூடினால் இல்லை. வெளியே போய் அவருடைய முன் கண்ணாடியைப் பார்த்தேன். புது ஸ்டிக்கர். சுற்றிவர வெள்ளைக் கரை ஒரே அளவு. கிரீடம் முழுதாக இருந்தது. விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன், எங்கும் எழும்பவில்லை.

"எப்படி அண்ணே, சரியா?"

"சரி" என்றேன். "சரியா வெட்டியிருக்கு."

சின்னவளே, அதனால்தான் போவதில்லை. நிழல் வேண்டும் என்று நான் சொன்னதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். என்னைத் திருப்பிக் கூப்பிடுவதற்கு அது போதவில்லை. மாமா கூப்பிட்டால் நீங்கள் அம்மாவோடு போய் வாருங்கள், நான் தடுக்கமாட்டேன். நான் வரமாட்டேன்.

இன்னும் கூப்பிடவில்லை.