கழுவி வந்த டப்பா

பள்ளிக்கூடம் போன சாப்பாட்டு டப்பா எந்த லட்சணத்தில் வீடு திரும்பும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓரமெல்லாம் காய்ந்த சோறு, ஒதுக்கி வைத்த கறிவேப்பிலை, திறந்த வேகத்தில் முகத்தில் அடிக்கும் புளித்த வாடை. ஆழ்வார்பேட்டையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு என் மகள் இனியாவின் டப்பா அப்படி வரவில்லை. கழுவித் துடைத்து, சொட்டு ஈரம் இல்லாமல், எந்த வாசனையும் இல்லாமல் வந்தது. அடியில், ஒரு மூலையில், ஒரு சிட்டிகை சர்க்கரை. முதல் நாள் தட்டிவிட்டுப் பேசாமல் இருந்தேன். மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

"யாருடி இதைக் கழுவினது?"

"தெரியாதும்மா."

"சர்க்கரை?"

அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "அதுவும் தெரியாது."

இரண்டாவது வாரம் எறும்புகள் வந்தன. சென்னையில் எறும்பு வராமல் வேறென்ன வரும் என்பீர்கள். ஆனால் அவை டப்பாவுக்குப் பின்னால் வரவில்லை, முன்னால் வந்தன. பள்ளி வேன் வருவது நாலரைக்கு. நாலே காலுக்கே சாப்பாட்டு மேஜையை ஒட்டிய சுவரில், இனியா பையை வைக்கும் இடத்துக்கு நேராக, ஒரே கோடாக இறங்கி நின்றுவிடும். போகவும் இல்லை, வரவும் இல்லை, அப்படியே நிற்கும். ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்து பார்க்கிற நாட்களில் எனக்கு அந்தச் சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டி உட்காரப் பிடிக்காது. வேன் ஹாரன் கேட்டதும் எழுந்துபோய்க் கதவைத் திறப்பேன், பின்னாலிருந்து யாரோ பார்க்கிற மாதிரியே இருக்கும்.

நாங்கள் பதினான்கு வருஷமாக டென்மார்க்கில், ஆர்ஹுஸ் என்ற ஊரில் இருக்கிறோம். என் கம்பெனி என்னை ஒரு வருஷத்துக்குச் சென்னை கிளைக்கு அனுப்பியது. கணவர் அங்கேயே இருந்துகொண்டார், நானும் மகளும் வந்தோம். இனியாவை மயிலாப்பூரில் நான் படித்த பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். என் காலத்தில் கேட்டுக்கு வெளியே கூடையில் மாங்காய்க் கீற்றும் தேன் மிட்டாயும் விற்றார்கள். இப்போது உள்ளேயே கேன்டீன். ஷட்டர் வைத்த ஒற்றை அறை, பக்கவாட்டில் ஒரு குழாய். உள்ளே தோரணமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள், ஆரஞ்சு நிறத்தில் கூல்டிரிங்ஸ், கண்ணாடிப் பெட்டியில் எண்ணெய் வழியும் பஃப்ஸ். அதைப் பார்த்த அன்றே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் பிள்ளைகள் வீட்டிலிருந்து மாட்பக்கே கொண்டு போவார்கள். கறுப்பு ரொட்டி, கேரட், வெள்ளரி, அவ்வளவுதான் அந்தக் கட்டுச்சாப்பாடு. இனியா சின்ன வகுப்பில் இருந்தபோது ஆசையாக இரண்டு முறுக்கு வைத்து அனுப்பினேன். மாலையில் முறுக்கு அப்படியே திரும்பி வந்தது, கூடவே ஆசிரியையின் சீட்டு. சிப்ஸ் வகைகளை அனுப்ப வேண்டாம் என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்று வரைந்திருந்தார். மறுநாள் போய், அது சிப்ஸ் இல்லை, அரிசி மாவில் வீட்டிலேயே செய்வது என்று விளக்கினேன். அந்த அம்மாள் மிகவும் அனுதாபத்தோடு, வீட்டில் அடுப்பு வசதியெல்லாம் இருக்கிறதா என்று கேட்டார். அவமானம் பிடுங்கித் தின்றது. அன்றிலிருந்து அந்த ஊர் அம்மாக்களை விடப் பெரிய அம்மாவாக ஆகிவிட்டேன். அங்கே இன்னொரு சட்டமும் உண்டு. ஒவ்வாமை வந்துவிடும் என்பதால் ஒருவர் டப்பாவிலிருந்து இன்னொருவர் எடுக்கக் கூடாது. உன் டப்பா உனக்கு மட்டும் என்று இனியாவுக்குச் சொல்லிச் சொல்லி அது அவள் எலும்பில் இறங்கியிருந்தது. அந்த ஊரில் வாங்கிய அடியை நான் மயிலாப்பூரில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியது இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

கேன்டீனில் குப்பைத் தீனி விற்கக் கூடாது என்று பெற்றோர் வாட்ஸாப் குழுவில் எழுதினேன். ஒரே நாளில் நாற்பது கட்டைவிரல். பள்ளியில் கூட்டம் போட்டார்கள். கேன்டீன் நடத்தும் ஸ்டெல்லா அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். சாந்தோம் சர்ச்சுக்குப் பின்னால் வீடு, கணவர் இல்லை, பன்னிரண்டு வருஷமாக இந்த ஷட்டர்தான் வாழ்க்கை. இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தேதான் பேசினேன். எண்ணெய், உப்பு, சாயம் என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் பையிலிருந்து இனியாவின் டப்பாவை எடுத்துத் திறந்தேன்.

"பாக்கெட் விற்பது போதாது என்று தினமும் குழந்தைகளுக்குச் சர்க்கரை வேறு கொடுத்துப் பழக்குகிறார்கள். இதோ பாருங்கள்."

டப்பா கை மாறி முதல்வர் மேடத்திடம் போய், கடைசியில் ஸ்டெல்லா அக்காவிடம் வந்தது. உள்ளே குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் போன போக்கு எனக்குப் புரியவில்லை. திருடு பிடிபட்ட முகம் இல்லை அது. என் கையிலேயே டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான்தான் போட்டேன் மேடம். இன்னா பண்ணணுமோ பண்ணிக்கோங்க."

அடுத்த திங்கள் ஷட்டர் திறக்கவில்லை. குழுவில் எனக்கு வாழ்த்து குவிந்தது. அன்று மாலை டப்பா முதல் தடவையாக ஒழுங்காக வந்தது, அதாவது அசிங்கமாக. பாதிச் சோறு அப்படியே, ஓரமெல்லாம் தயிர், புளித்த வாடை. சர்க்கரை இல்லை. அப்பாடா என்று மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சுவரில் எறும்புகள் நின்றன. செவ்வாயும் நின்றன, புதனும் நின்றன. எதுவுமே இல்லாத இடத்துக்கு நேரம் தவறாமல் வந்து, ஒரு மணி நேரம் நின்று, கலைந்து போயின. இனியா அவற்றைப் பார்த்தபடியே பாலைக் குடித்தாள்.

வியாழக்கிழமை அவளுடைய ஒரு பாரத்தில் கையெழுத்துப் போடப் பள்ளிக்குப் போனேன். காலை இடைவேளை. மைதானத்தில் ஒரே இரைச்சல். கேன்டீன் பக்கம் மட்டும் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். இறங்கிக் கிடந்த ஷட்டருக்கு முன்னால், இடதுபக்கச் சுவரை ஒட்டி, ஏழு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தள்ளவில்லை, பேசவில்லை, சிரிக்கவில்லை. ஷட்டரைப் பார்த்தபடி நின்றார்கள். பட்டப்பகல், தலைக்கு மேல் காக்கை கத்துகிறது, எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. ஏழாவது ஆளுக்குப் பக்கத்தில் என் மகள் நின்றாள்.

அங்கே நின்ற உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டேன். "ஏதோ விளையாடறாங்க மேடம், மூணு நாளா இதே" என்றார்.

நான் கிட்டே போனதும் இனியா ஒதுங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண் ஒல்லியாக இருந்தாள், ரெட்டைப் பின்னல், கழுத்துப் பித்தான் வரை போட்ட சட்டை. பெயர் தேவி, இனியாவின் வகுப்பு.

"கடைதான் மூடியாச்சே, இங்கே ஏம்மா நிக்கறீங்க?"

"கிளாஸ்ல எல்லாரும் ஸ்நாக்ஸ் தொறப்பாங்க ஆன்ட்டி. இங்க நின்னா அவ்ளோ தெரியாது."

"என்ன தெரியாது?"

என்ன இது கூடப் புரியவில்லையா என்பதுபோல் பார்த்தாள். "பசி" என்றாள்.

அப்புறம் எல்லாம் துண்டு துண்டாக வந்தது. தேவியின் வீடு முன்பு கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையில் இருந்தது. அப்போது இந்தப் பள்ளியில் இலவச இடம் கிடைத்தது. பிறகு வீடுகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் குடியேற்றினார்கள். பள்ளியில் கிடைத்த இடத்தை விட மனசில்லாமல் அம்மாவும் பெண்ணும் விடியற்காலையில் பஸ் ஏறுகிறார்கள். அம்மா இங்கே இரண்டு வீட்டில் வேலை பார்க்கிறார். அடுப்பு பற்றவைக்க நேரம் கிடையாது. ஸ்டெல்லா அக்கா கேன்டீனில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். காசு கொடுத்து வாங்குபவர்கள் வலதுபக்கம். காலையில் சாப்பிடாதவர்கள் இடதுபக்கச் சுவரை ஒட்டி நிற்க வேண்டும், வாய் திறக்க வேண்டியதில்லை. அவர் ஏன், எதற்கு என்று கேட்காமல் பஃப்ஸோ பன்னோ கையில் வைப்பார். சிப்ஸ் விற்ற லாபத்தில் இடதுபக்கம் நடந்தது.

"இனியாவுக்கு பஃப்ஸ் புடிக்கும், எனக்கு அவ சோறு புடிக்கும். மாத்திக்கினோம்" என்றாள் தேவி. "டப்பாவ அக்கா குழாய்ல கழுவுவேன். அம்மாதான் தெனமும் சக்கரை மடிச்சுக் குடுக்கும். சாப்ட்ட டப்பாவ சும்மா திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லும். இப்ப குடுக்க பஃப்ஸ் இல்ல, அதான் அவ சோத்த நான் வாங்கறதில்ல."

மயிலாப்பூரில் பிறந்தவள் நான். மாடி வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால் என் அம்மா அதைக் கழுவித் துடைத்து, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு, என்னிடம்தான் கொடுத்து அனுப்புவார். எத்தனை தடவை படியேறியிருக்கிறேன். பதினான்கு வருஷத்தில் அது எனக்கு அடியோடு மறந்து போயிருந்தது. கையில் வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டிக் காட்டியும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஏண்டி என்கிட்ட சொல்லலை?" என்று இனியாவைக் கேட்டேன்.

"டப்பா மாத்தறது தப்புன்னு நீதானே சொன்னே" என்றாள்.

அன்றைக்கே சாந்தோமுக்குப் போனேன். ஸ்டெல்லா அக்கா வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"நீங்க போடலைன்னு ஏன்க்கா சொல்லலை?"

"இன்னான்னு சொல்ல சொல்றே? அந்தப் பொண்ணு போட்டான்னா, அத்தினி பேரு நடுவுல அத எழுப்பி நிக்க வெச்சிருப்பீங்க. ஏன் பாப்பா சாப்புடலன்னு ஆளாளுக்கு கேப்பீங்க. அது இன்னா பதில் சொல்லும்?"

"மன்னிச்சுக்குங்கக்கா."

"எண்ணெய் கெடுதிதாம்மா, எனக்கும் தெரியும். நீ சொன்னது ஒண்ணும் பொய் இல்ல. மூடறதுக்கு முன்னாடி ஒரு தபா வந்து, இந்தாண்ட யாரு நிக்கறான்னு பாத்திருக்கலாம் இல்ல?"

அவர் ஒரு கை பட்டாணியை அள்ளி என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எலுமிச்சை சாதமும் முட்டையும் கட்டி, இனியாவின் பழைய நீல டப்பாவில் தேவிக்குக் கொடுத்தனுப்பினேன். முதல்வர் மேடத்திடம் பேசினேன், காலையில் இட்லி போடலாம், செலவை நான் ஏற்கிறேன் என்றேன். "பார்க்கலாம், கமிட்டியில் வைக்கிறேன்" என்றார். மாலையில் வேன் வந்தது. இனியா பையிலிருந்து அதன் மூடியை மட்டும், சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்து, மேஜையில் வைத்தாள். மூடி நிறையச் சர்க்கரை. அந்த வாரம் முழுக்க அம்மா மடித்துக் கொடுத்ததையெல்லாம் தேவி சாப்பிடுவதற்கு முன்பே அதில் கொட்டிக் கொடுத்துவிட்டாளாம். பாதியைச் சாப்பிட்டு, மீதியை அம்மாவுக்கு என்று டப்பாவோடு கவரில் சுற்றி எடுத்துப் போனாளாம், திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்றாளாம்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. சனிக்கிழமை காலையிலேயே அவள் அம்மா வந்து டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாராம். கேன்டீன் மூடிய அந்த வாரத்திலேயே இரண்டு தடவை தேவி பஸ்ஸில் மயங்கி விழுந்திருக்கிறாள். வீட்டுப் பக்கத்துப் பள்ளியிலேயே சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். விலாசம் தர அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பெரும்பாக்கத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். ஒன்றைப்போலவே இன்னொன்றாகக் கட்டடங்கள், ஒரே மாதிரி ஜன்னல்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்த தெரு மாதிரியே இருந்தது. தேவி என்று கேட்டால் எந்த தேவி என்றார்கள். மூன்று தேவிகளைக் காட்டினார்கள், மூன்றும் இவள் இல்லை. நாலாவது மாடியில் ஒரு ஜன்னல் கட்டையில், வெயிலில் காய வைத்தாற்போல நீல டப்பா ஒன்று தெரிந்தது. மாடி ஏறி, கதவுகளை எண்ணிப் போய்த் தட்டினேன். பூட்டியிருந்தது. கீழே வந்து பார்த்தபோது ஜன்னலில் எதுவும் இல்லை.

பள்ளியில் ஷட்டர் மறுபடி திறந்தது. இப்போது அதற்குப் பெயர் ஹெல்த் கார்னர். முளைகட்டிய பயறு, பழத் துண்டுகள், எல்லாம் நல்ல பண்டம்தான். பள்ளியில் சிப்ஸ் விற்கக் கூடாது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அங்கே வலதுபக்கம் மட்டும்தான் வரிசை. இட்லி இன்னும் கமிட்டியில் இருக்கிறது. மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.

நாங்கள் ஆர்ஹுஸ் திரும்பிப் பத்து மாதம் ஆகிறது. போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாளுக்குப் பாயசம் கொடுத்தேன். மறுநாள் கிண்ணத்தைப் பளபளவென்று கழுவி வாசலில் வைத்திருந்தார், நன்றி என்று சீட்டோடு. உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர்மேல் என்ன தப்பு?

நீல மூடி என் சமையலறையில் ஜன்னலோரம் இருக்கிறது. சர்க்கரையைக் காகிதத்தில் மடித்துப் பெட்டியில் கொண்டுவந்து, அதே மூடியில் கொட்டி வைத்தேன். டப்பா அங்கே யார் வீட்டிலோ இருக்கிறது. நாலே கால் ஆனால் இனியாவும் நானும், ஒருவருக்கொருவர் தெரியாதது போல, சுவரைப் பார்க்கிறோம். சுவர் வெள்ளையாக இருக்கிறது. பத்து மாதமாகச் சர்க்கரை திறந்தே கிடக்கிறது. இந்த ஊரில் அதைத் தேடி ஓர் எறும்பு கூட வரவில்லை.