உமரிக்கு வெந்நீர்

பெங்களூர் விவேக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் நான் வேலை பார்ப்பது காய்ந்த செடிகளோடு. உலர்செடிக் காப்பகம் என்றால் எங்கள் தெருவில் யாருக்குப் புரியும்? செடியை அட்டையில் ஒட்டி வைக்கிற ஆபீஸ் என்பேன். அதற்கும் சம்பளமா என்பார்கள். கொடுக்கிறார்களே, வேண்டாமென்றா சொல்வது. எந்தச் செடியை யார், எங்கே, எப்போது எடுத்தார் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் பாடு. ஒட்டித் தைப்பது என்கூட வேலை பார்க்கிற அக்காவின் பாடு.

அக்காவின் வீட்டுக்காரர்தான் எங்களுக்குச் செடி சேகரித்து வருகிறவர். கடலோரச் சதுப்பு என்றால் மனிதருக்குத் தலைகால் புரியாது. அங்கே உப்புச் சேற்றில் முளைக்கிற உமரிச் செடியைப் பிடுங்கி, நியூஸ்பேப்பருக்குள் பரப்பி, பலகை வைத்து இறுக்கிக் கட்டி, பெங்களூர் வரை பஸ்ஸில் சுமந்து வருவார். உமரிக்குச் சதைப்பிடிப்பான தண்டு. கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பேப்பருக்குள்ளேயே உயிரோடு கிடந்து, கடைசியில் அழுகிப்போகும். அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது, சேற்றில் அடுப்புக்கு எங்கே போவேன் என்பார். ஒவ்வொரு தடவையும் அக்கா எங்கள் முன்னாலேயே அவரை வறுத்தெடுப்பார். அவர் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் டீ வாங்கப் போய்விடுவார். அவர்கள் கொஞ்சிக்கொள்வதே இப்படித்தானோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

போன மழைக்காலத்தில் அப்படிக் கட்டோடு வந்து இறங்கிய மறுநாள் அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கட்டு ஆபீஸ் மூலையில் கிடந்தது. தினமும் பேப்பர் மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தொட ஒருத்தருக்கும் கை வரவில்லை, எனக்கும்தான்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்றே அக்கா அதைப் பிரித்தார். அத்தனையும் பூஞ்சை பிடித்துக் கறுத்திருந்தது. கடைசிப் பேப்பரைத் திறந்ததும் அவர் கை அப்படியே நின்றது. ஒரே ஒரு உமரிக் கிளை, இருட்டிலேயே கிடந்து வெளுத்த குருத்து விட்டிருந்தது.

முடிவு உங்களுடையது என்று காப்பகப் பொறுப்பில் இருக்கும் மேடம் அக்காவிடம் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். இதை அட்டையில் ஏற்றினால் அவர் பெயரில் கடைசியாக ஒரு பதிவு இருக்கும். ஆனால் ஏற்றுவதற்கு முன் அதைக் கொல்ல வேண்டும்.

என் வாய் சும்மா இருக்குமா? தொட்டியில் நடலாம், உப்புத்தண்ணீர் நானே கலந்து ஊற்றுகிறேன், இத்தனை நாள் தாக்குப்பிடித்ததைக் கொல்ல எப்படி மனசு வரும் என்று பொரிந்து தள்ளினேன். அக்காவுக்குக் கோபம் வரவில்லை.

"தொட்டில வெச்சா என்கூட இருக்கும், நான் போனா அதுவும் போயிடும். அட்டைல இருந்தாத்தான் அவரு பேரு நிக்கும்."

டீ கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. அக்கா கிளையைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு முக்கினார். வழக்கம்போல் அவரைத் திட்டுவாரோ என்று பார்த்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. அழுதது நான்தான்.

கிளை காய்ந்து, அட்டை ஏறி, பதிவு செய்கிற நாளில் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வீட்டுக்காரரின் பெயர், சேகரிப்பு எண், இடம், தேதி எல்லாம் அவர் செடியோடு கட்டியிருந்த சீட்டைப் பார்த்து அடித்தேன். குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. பூவின் நிறம், மண்ணின் வகை எல்லாம் அதில் வரும். சீட்டில் அவர் அதற்கு ஒன்றும் எழுதவில்லை. காலியாக விட்டுவிடவா என்று கேட்டேன்.

அக்கா என் தோளில் கை வைத்தார்.

"இங்க வந்து சேந்தப்ப உயிரோட இருந்துச்சுன்னு போடும்மா."

அப்படியே அடித்தேன்.